ராகமாலா ஓவியங்கள்

ராகங்களை ஆணாகவும் பெண்ணாகவும் உருவகித்து, ஒவ்வொன்றுக்கும் ஒரு காட்சியும் ஒரு செய்யுளும் கொடுத்துத் தாளில் தீட்டிய சிற்றோவியத் தொகுதிகள். 15ஆம் நூற்றாண்டின் கடைசிப் பகுதியில் மேற்கிந்தியாவில் தலைகாட்டி, 19ஆம் நூற்றாண்டு வரை ராஜஸ்தான், மாளவம், தக்காணம், இமயமலை அடிவாரத்துப் பஹாடி அரசுகள் ஆகிய இடங்களில் வரையப்பட்டன. ஒரு தொகுதிக்குப் பெரும்பாலும் 36 படங்கள்: ஆறு ராகங்கள், ஒவ்வொரு ராகத்துக்கும் ஐந்து மனைவியராக 30 ராகினிகள். பிள்ளைகளையும் சேர்த்து 84 வரை போன தொகுதிகளும் உண்டு.

இந்த வரலாற்றில் மும்பைக்கு ஒரு விசித்திரமான இடம் இருக்கிறது. கணவன், மனைவி, பிள்ளை என்ற ராகக் குடும்பக் கணக்கு இசைக்கு உதவாது என்று தள்ளி வைத்தவர் அந்த ஊர்க்காரர். அந்தக் கணக்கை நம்பி வரையப்பட்ட ஓவியங்களுக்கு ஊரும் காலமும் கண்டு சொன்ன அறிஞர்களில் முக்கியமான இருவர் வேலை பார்த்ததும் அதே ஊரில்தான்.

நூல்களில் உருவம்

பண்களை நிலத்தோடும் பொழுதோடும் சேர்த்துப் பார்ப்பது தமிழருக்குப் புதிதல்ல. தெய்வம், உணவு, விலங்கு, மரம், புள், பறை, தொழில் ஆகியவற்றோடு யாழையும் திணையின் கருப்பொருளாக எண்ணுகிறது தொல்காப்பியம். தேவாரப் பண்களைப் பகற்பண், இரவுப்பண் என்று பிரித்துப் பாடுவது ஓதுவார் மரபு. ஆனால் பண்ணுக்கு முகம், உடை, ஊர்தி, காதல் எல்லாம் கொடுத்து ஓர் ஆளாகவே நிறுத்தியது வடக்கே எழுந்த வேறொரு வழக்கம்.

அதன் தொடக்கம் வழிபாட்டில் இருக்கிறது. 13ஆம் நூற்றாண்டில் தேவகிரி யாதவ மன்னன் சிங்கணனின் ஆதரவில் சாரங்கதேவர் எழுதிய சங்கீத ரத்னாகரம் ராகங்களுக்கு உரிய தெய்வங்களைச் சொல்கிறது. தேவகிரி என்பது இன்றைய மகாராஷ்டிரத்துத் தௌலதாபாத். 1350இல் குஜராத்தின் சமண அறிஞர் சுதாகலசர் எழுதிய நூலில் ராகங்கள் பல கைகளும் ஊர்திகளும் கொண்ட தெய்வ வடிவங்களாகவே வருகின்றன. பாடகர் ஆலாபனைக்கு முன் ராகத்தின் உருவை மனத்தில் நிறுத்திக்கொள்ள உதவும் தியானச் சுலோகங்கள் இப்படிப் பெருகின.

பிறகு தெய்வம் மெல்ல மனிதராயிற்று. சிருங்காரக் கவிதையின் நாயகனும் நாயகியும் வந்து உட்கார்ந்தார்கள். கர்நாடகத்திலிருந்து வடக்கே போன புண்டரீக விட்டலர் 1576இல் எழுதிய ராகமாலா என்ற நூலில் ஆறு ஆண் ராகங்களுக்கும் தலா ஐந்து மனைவியர், ஐந்து புதல்வர். அதற்குச் சில ஆண்டுகள் முன்னால், 1570இல், ரேவாவின் மேஷகர்ணர் பிள்ளைகளின் எண்ணிக்கையை எட்டாக்கிக் குடும்பத்தை 84 பேராகப் பெருக்கியிருந்தார். பின்னாளில் பஹாடி ஓவியர்கள் எடுத்துக்கொண்டது இந்தப் பெரிய குடும்பத்தையே. 1609இல் ஆந்திர நாட்டுச் சோமநாதர் எழுதிய ராகவிபோதம் ஒரு தெளிவான பிரிவைச் செய்தது: ராகத்துக்கு நாத வடிவம் ஒன்று, தேவ வடிவம் ஒன்று. நாத வடிவம் காதுக்கு. தேவ வடிவத்தைக் கண்ணுக்குக் கொண்டுவந்தவர்கள் ஓவியர்கள்.

சுவடியின் ஓரத்திலிருந்து

நமக்குக் கிடைத்தவற்றுள் மிகப் பழைய ராக உருவங்கள் தனிப் படங்களாக இல்லை. ஏறக்குறைய 1475ஐச் சேர்ந்த, அகமதாபாத் தேவசானோ பாடோ பண்டாரத்தின் கல்பசூத்திரச் சுவடியில், மகாவீரரின் வரலாற்றைச் சொல்லும் ஏடுகளின் ஓரங்களில், கட்டம் கட்டமாக ராகங்கள் நிற்கின்றன. அவை தெய்வ வடிவங்களே. காதலும் முகிலும் மாளிகையும் அங்கே இன்னும் நுழையவில்லை.

அவை நுழைந்த பிறகு வரையப்பட்டவற்றுள், காலமும் ஓவியர் பெயரும் தெரிந்த முதல் தொகுதிகளில் ஒன்று காசிக்கு அருகே சுனாரில் 1591இல் முடிக்கப்பட்டது. ஷேக் ஹுசைன், ஷேக் அலி, ஷேக் ஹாத்திம் என்று மூவர் பெயரை அதன் குறிப்பு தருகிறது. அக்பர் அவையின் பேரோவியர்களான மீர் சையது அலிக்கும் குவாஜா அப்துஸ் சமதுக்கும் தாங்கள் மாணவர்கள் என்றும் சொல்லிக்கொள்கிறார்கள். இத்தொகுதி பூந்தி அரசவைக்குப் போய்ச் சேர்ந்தது. அதன் பிறகு பூந்தியிலும் கோட்டாவிலும் நூறாண்டுக்கு மேலாக வரையப்பட்ட ராகமாலாக்கள் பெரும்பாலும் சுனார்ப் படங்களின் அமைப்பையே திருப்பித் திருப்பிப் பின்பற்றின. ஒரு ராகினி எந்தப் பக்கம் திரும்பி உட்கார வேண்டும், மரம் எங்கே நிற்க வேண்டும் என்பதுவரை மாறவில்லை.

மேவாரில் கதை வேறு. முகலாயரோடு சண்டையில் இருந்த ராணாக்களின் தற்காலிகத் தலைநகரான சாவண்டில் 1605இல் நிசாருத்தீன் ஒரு தொகுதி வரைந்தார். சிவப்பும் மஞ்சளும் நீலமும் தனித்தனிப் பட்டைகளாக, ஆழம் காட்ட முயலாத, முகலாய நேர்த்திக்கு ஆசைப்படாத படங்கள். போர் முடிந்து உதய்பூரில் அமைதி வந்த பின், 1628இல் சாகிப்தீன் அதே மரபை இன்னும் செழுமையாக்கினார். இடையில் 1623இல் மார்வாரின் பாலியில் வீர்ஜி வரைந்த தொகுதி நாட்டுப்புறத் துணிச்சலோடு இருக்கிறது. கோடுகளில் அவசரம் தெரிந்தாலும் நிறத்தில் தயக்கமே இல்லை. மாளவத்தில் 1680இல் மாதவதாஸ் வரைந்த தொகுதி தில்லி தேசிய அருங்காட்சியகத்துக்குச் சேர்ந்தது.

பைரவரையும் கண்ணனையும் தீட்டிய இந்தக் கைகளில் பல முஸ்லிம்களுடையவை என்பதைக் கவனிக்க வேண்டும். சுனார் மூவர், நிசாருத்தீன், சாகிப்தீன் என்று வரிசையாகச் சொல்லலாம். அக்காலத்தில் யாரும் இதை வியப்பாக எண்ணியதாகத் தெரியவில்லை. வியப்பு பின்னால் வந்தது.

தக்காணத்துப் படங்கள் தனி அழகு. 16ஆம் நூற்றாண்டின் கடைசியில் அகமதுநகர் வட்டாரத்தில் தீட்டப்பட்டதாகக் கருதப்படும் சில ஏடுகளில் பெண்களின் முந்தானை காற்றில் கூராக நீண்டு நிற்கும். மேலே சமஸ்கிருதச் செய்யுள் இருக்கும். பீஜப்பூரில் இரண்டாம் இப்ராகிம் அடில்ஷா இசைப் பித்தர். கிதாபே நௌரஸ் என்ற பாடல் தொகுப்பைத் தாமே இயற்றியவர். முகலாயப் படையோடு தக்காணத்தில் ஆண்டுக்கணக்கில் பாளையம் இறங்கியிருந்த பிகானேர் அரசர்கள் இத்தகைய படங்களை அள்ளிக்கொண்டு போனார்கள். தக்காணத்து ஓவியம் ராஜஸ்தானத்து அரண்மனையில் அகப்படுவதன் காரணம் இதுதான். 18ஆம் நூற்றாண்டில் ஐதராபாத்தும் ஏராளமாக வரைந்து தள்ளியது. தஞ்சாவூர் ஓவிய மரபில் மட்டும் இப்படியொரு வழக்கம் வேர் பிடிக்கவில்லை.

என்ன வரைந்தார்கள்

தோடி: காட்டில் வீணையோடு ஒரு பெண், இசைக்கு மயங்கிய மான்கள் சுற்றி நிற்கும். பைரவி: தாமரைக் குளத்து நடுவே சிறு கோயில், லிங்கத்தின் முன் தாளம் தட்டிப் பாடும் பெண், விடியற்காலை. லலித்: தூங்கும் பெண்ணை விட்டுவிட்டு மாலையோடு வெளியேறும் ஆண். மேகம்: மழையில் ஆடும் கண்ணன், மத்தளம் கொட்டும் பெண்கள், வானத்தில் நாரைகள். ஹிந்தோளம்: வசந்தத்தில் ஊஞ்சல். பிலாவல்: கண்ணாடி பார்த்துக் காதணி மாட்டும் பெண். தன்யாசி என்று நாம் சொல்லும் பெயருக்கு உறவான தனாஸ்ரீ, பிரிந்த காதலனின் உருவத்தைப் பலகையில் தானே எழுதுகிறாள். படத்துக்குள் படம் எழுதும் வாய்ப்பை ஓவியர்கள் ரசித்துச் செய்திருக்கிறார்கள்.

ஸ்ரீ ராகத்தில் அரியணையில் ஓர் அரசன். எதிரே வீணையோடு முனிவர் ஒருவர், பக்கத்தில் குதிரைமுகக் கின்னரர். கானடாவில் கையில் வாளும் யானைத் தந்தமும் ஏந்திய வீரனைப் பாணர்கள் புகழ்கிறார்கள். கர்நாடகத்தின் பெயரைத் தாங்கிய ராகத்துக்கு யானை வேட்டை பொருத்தமாகப் பட்டிருக்கலாம்.

அசாவரி தெற்கத்திக்காரி. மலய மலையின் உச்சியில், சந்தன மரத்தடியில், மயிற்பீலி ஆடையோடு உட்கார்ந்திருக்கும் கருநிறக் குறத்தி. சந்தன மரத்தைச் சுற்றிக் கிடக்கும் பாம்புகள் அவள் பாட்டைக் கேட்டு இறங்கி வந்து கையில் வளையாகின்றன. மலயத்தைப் பொதிகையோடு சேர்த்துச் சொல்லும் தமிழ் வாசகர் இவளைக் குற்றாலக் குறவஞ்சியின் தங்கை என்று எண்ணினால் குறை சொல்ல முடியாது. ஆனால் இதை வரைந்த மேவார் ஓவியன் பொதிகையைப் பார்த்தவனல்ல. மலையை இளஞ்சிவப்புப் பாறைக் குவியலாக அடுக்கிவிட்டான்.

தேசாக் என்ற ராகினியில் காதலே கிடையாது. கட்டுமஸ்தான ஆட்கள் கம்பத்தில் ஏறுகிறார்கள், கர்லாக்கட்டை சுற்றுகிறார்கள், எடை தூக்குகிறார்கள். பெண்பால் பெயருக்கு இப்படியொரு மல்லர் கூட்டம் எப்படி வந்தது என்று தேடிப் போனால் செய்யுளிலேயே வீரச் சுவை இருக்கிறது. மும்பை தாதர் சிவாஜி பூங்கா மைதானத்தில் பிள்ளைகள் மல்லகம்பம் பழகுவதைப் பார்த்த மாட்டுங்காவாசி, இந்தப் படத்தை விளக்கமில்லாமல் புரிந்துகொள்வார்.

தீபக் பாடினால் விளக்கு தானே எரியும், பாடுபவர் உடலும் பற்றும் என்ற தான்சேன் கதை எல்லோரும் அறிந்தது. படத்தில் அந்தப் பயங்கரம் இல்லை. விளக்கொளியில் இரு காதலர். சிலவற்றில் தலைவனின் தலைமேல் ஒரு சுடர், அவ்வளவே. பேர்பெற்ற அற்புதக் கதைகளைவிட எழுதிவைத்த செய்யுளையே ஓவியர்கள் நம்பினார்கள்.

செய்முறை பிற சிற்றோவியங்களுக்கு உரியதுதான். தாள்களை ஒன்றன்மேல் ஒன்றாக ஒட்டி அட்டை செய்து, வெள்ளைப் பூச்சுக் கொடுத்து, படத்தைக் கவிழ்த்துப் போட்டு முதுகுப்பக்கம் அகேட் கல்லால் தேய்த்து மெருகேற்றுவார்கள். அணில் வால் மயிரில் தூரிகை. பஹாடி அரசான பஸோலியின் ஓவியர்கள் மரகதம் மின்ன வேண்டிய இடத்தில் பொன்வண்டின் சிறகை வெட்டி ஒட்டினார்கள்.

படமும் சுரமும்

கச்சேரி கேட்டுப் பழகிய ஒருவர் இந்த ஓவியங்களைப் பார்க்கும்போது ஒரு சிக்கலில் மாட்டுவார். ஊஞ்சலாடும் ஹிந்தோளத்தைக் கண்டதும் அவர் மனத்தில் ச-க-ம-த-நி ஒலிக்கும். ஆனால் நம் ஹிந்தோளத்தின் சுரங்கள் இந்துஸ்தானியில் மால்கௌன்ஸ். இந்துஸ்தானி ஹிந்தோளின் சுரங்களோ இங்கே சுநாதவினோதினி. நம் தோடி அவர்களுக்குப் பைரவி. அவர்கள் தோடி நமக்குச் சுபபந்துவராளி. ஸ்ரீ ராகம் இங்கே கரஹரப்பிரியாவின் பக்கம், அங்கே பந்துவராளியின் பக்கம். படம் பெயரோடு ஒட்டியது. சுரம் பெயரைவிட்டு நகர்ந்துகொண்டே இருந்தது. சாகிப்தீன் காலத்தில் உதய்பூரில் பாடிய தோடி இன்றைய எந்தத் தோடியும் அல்ல என்றே எடுத்துக்கொள்ள வேண்டும். ஆகவே ஒரு படத்தின் மனநிலையை இன்றைய ராகத்தின் சுரங்களிலிருந்து வருவிக்க முயலும் விளக்கங்கள் ரசிக்கத்தக்கவை; வரலாறு ஆகா. பொழுது, பருவம், செய்யுள் ஆகியவையே படத்தின் உண்மையான அடித்தளம்.

இந்த விலகலைப் பார்த்துப் பொறுமை இழந்தவர்கள் உண்டு. 1813இல் பட்னாவின் முகம்மது ரஜா, ஒலியில் ஒற்றுமை இல்லாதவர்களைக் கணவன் மனைவி என்று சேர்ப்பதில் பொருளில்லை என்று வாதிட்டார். அந்த வாதத்தை முடித்துவைத்தவர் விஷ்ணு நாராயண் பாத்கண்டே (1860–1936). பம்பாய் வால்கேஷ்வரில் பிறந்த வழக்கறிஞர். பார்சிகள் நடத்திய காயன் உத்தேஜக் மண்டலியில் பழகியவர். பழைய நூல்களையும் பாடும் வித்துவான்களையும் தேடி நாடெங்கும் அலைந்தார். 1904இல் அவர் மேற்கொண்ட தெற்குப் பயணத்தில் எட்டயபுரமும் உண்டு. சங்கீத சம்பிரதாய பிரதர்சினியை அவ்வாண்டு வெளியிட்ட சுப்பராம தீட்சிதரை அங்கே சந்தித்தார்.

தெற்கில் அவர் கண்டது குடும்பம் இல்லாத ஓர் ஒழுங்கு. 17ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில், வடக்கே ராகினிகளுக்கு வண்ணம் தீட்டிக்கொண்டிருந்த அதே தலைமுறைகளில், தஞ்சை நாயக்கர் அவையில் வேங்கடமகி ராகங்களுக்குக் கணக்குப் போட்டார். ரி-க சேர்க்கை ஆறு, த-நி சேர்க்கை ஆறு, மத்தியமம் இரண்டு: பெருக்கினால் 72 மேளம். இந்தத் தாய்-சேய் முறையின் சாயலில்தான் பாத்கண்டே இந்துஸ்தானி ராகங்களைப் தாட்டு எனப்படும் பத்துத் தாய்ச் சுர வரிசைகளுக்குள் அடக்கினார்.

அதில் நடந்த தலைகீழ் மாற்றத்தைப் பழைய ஓவியர்கள் கண்டிருந்தால் திகைத்திருப்பார்கள். ஆறு கணவர்களில் தாட்டின் தலைமை கிடைத்தது பைரவுக்கு மட்டும். ஓவியர் பட்டியலில் ஹிந்தோளத்தின் மனைவியரான பிலாவலும் தோடியும், ஸ்ரீயின் மனைவி அசாவரியும், பைரவின் மனைவி பைரவியும் ஆளுக்கொரு தாட்டின் தலைவிகள் ஆனார்கள். கண்ணாடி பார்த்துக்கொண்டிருந்த பிலாவல் எல்லாவற்றுக்கும் அடிப்படைச் சுர வரிசையே ஆயிற்று. மால்கௌன்ஸ் பைரவியின் கீழே, ஹிந்தோள் கல்யாணின் கீழே, மேக் காஃபியின் கீழே, ஸ்ரீ பூர்வியின் கீழே போனார்கள். பத்து என்ற எண்ணிக்கை போதாது என்ற குறை இன்றுவரை சொல்லப்படுகிறது. ஆனாலும் யாரும் பழைய குடும்பத்துக்குத் திரும்பவில்லை.

கலை வரலாற்றின் கையில்

இசை கைவிட்ட நேரத்தில் கலை வரலாறு படங்களை எடுத்துக்கொண்டது. முதலில் வந்தவர் கொழும்பில் பிறந்த ஆனந்த குமாரசுவாமி (1877–1947), சர் முத்து குமாரசுவாமியின் மகன். 1916இல் வெளியான அவருடைய ராஜபுத்திர ஓவியம் பற்றிய இரு தொகுதி நூல், அதுவரை முகலாயக் கலையின் நாட்டுப்புற எச்சம் என்று ஒதுக்கப்பட்டதைத் தனி மரபாக நிறுத்தியது. தம் சேகரிப்பை இந்தியாவுக்கே தர முன்வந்தார். வாங்கி வைக்க இங்கே ஏற்பாடு இல்லை. 1917இல் அது பாஸ்டன் நுண்கலை அருங்காட்சியகத்துக்குப் போயிற்று, அவரும் அங்கேயே போனார். ராஜபுத்திரம் வேறு, முகலாயம் வேறு என்று அவர் போட்ட கோடு மட்டும் நிலைக்கவில்லை. சுனார்த் தொகுதியின் குறிப்பு வெளிவந்தபோது, பூந்தி மரபின் மூலமே முகலாய ஆசிரியர்களின் மாணவர்கள் என்று தெரிந்தது.

1935இல் ஓ. சி. கங்கூலி ராகங்களும் ராகினிகளும் குறித்த தம் பெருநூலைக் கல்கத்தாவில் மிகச் சில படிகளே அச்சிட்டார். அது பரவலாகப் படிக்கக் கிடைத்தது 1948இல் பம்பாயின் நாளந்தா பதிப்பகம் மறுபதிப்புக் கொண்டுவந்த பிறகுதான்.

பம்பாயில் இந்த ஆராய்ச்சிக்கு வீடாக இருந்தது 1922 ஜனவரி 10இல் திறக்கப்பட்ட பிரின்ஸ் ஆஃப் வேல்ஸ் அருங்காட்சியகம். இன்றைய சத்ரபதி சிவாஜி மகாராஜ் வாஸ்து சங்க்ரகாலயம். செம்பூரிலோ மாட்டுங்காவிலோ ரயிலேறி சிஎஸ்எம்டியில் இறங்கினால் நடக்கும் தூரம். புருஷோத்தம் மாவ்ஜி, ரத்தன் டாட்டா, தோராப்ஜி டாட்டா ஆகியோரின் சேகரிப்புகளால் அதன் ஓவியப் பிரிவு வளர்ந்தது. அங்கே இயக்குநராக இருந்த மோதி சந்திரா (1909–1974) சமணச் சுவடி ஓவியத்தைப் பற்றி 1949இலும் மேவார் ஓவியத்தைப் பற்றி 1957இலும் எழுதினார். கல்பசூத்திர ஓரத்திலிருந்து சாகிப்தீன் வரை போகும் பாதை அந்த இரண்டு நூல்களிலும் தெளிவாகிறது. அறங்காவலர் குழுத் தலைவர் கார்ல் கண்டாலாவாலா (1904–1995) வழக்கறிஞர். நானாவதி கொலை வழக்கில் குற்றம் சாட்டப்பட்டவருக்காக வாதாடியவர் என்று சொன்னால் மும்பைக்காரர்களுக்குச் சட்டென்று விளங்கும். சாட்சியைக் குறுக்கு விசாரணை செய்யும் அதே மிடுக்கோடு ஓவியத்தின் காலத்தையும் விசாரித்தார். 1958இல் பஹாடி ஓவியம் பற்றிய நூல், 1969இல் மோதி சந்திராவோடு சேர்ந்து புதிய சான்றுகளின் மறு ஆய்வு. ஊரும் ஆண்டும் எழுதிய படங்களை முளைக்குச்சிகளாக அடித்து, எழுதாதவற்றை அவற்றுக்கு நடுவே பொருத்துவது இவர்கள் முறை. ராகமாலாக்கள் இதற்கு வாகாக அமைந்தன: ஒரே ராகினியை ஐந்து ஊர்கள் வரைந்திருக்கும்போது கண், உடை, மாடம் என்று ஒவ்வொன்றாக ஒப்பிடலாம்.

1973இல் ஆய்வாளர் கிளாஸ் ஏபெலிங் எல்லாத் தொகுதிகளையும் எதிரெதிரே வைத்துப் பார்த்து, பெரும்பாலான ராஜஸ்தானி ஓவியர்கள் பின்பற்றிய 36 பேர் பட்டியல் எந்த இசை நூலின் பட்டியலோடும் முழுதாக ஒத்துப்போகவில்லை என்று காட்டினார். அதற்கு ஓவியர் முறை என்றே பெயர் வைத்தார். பட்டறைக்குள் தகப்பன் மகனுக்குக் கொடுத்த கணக்கு அது.

சிதறல்

முழுத் தொகுதிகள் அரிதாகிவிட்டன. இவை கட்டிய புத்தகங்களல்ல. துணியில் மடித்து வைத்து, விருந்தில் கைமாற்றிப் பார்க்கும் தனித்தனித் தாள்கள். பிரிப்பது எளிது. ஆர்ச்பிஷப் வில்லியம் லாட் 1640இல் ஆக்ஸ்போர்டின் போட்லியன் நூலகத்துக்குக் கொடுத்த ஆல்பத்தில் 18 ராகமாலாப் படங்கள் போயின. லக்னோவிலும் ஐதராபாத்திலும் கிழக்கிந்தியக் கம்பெனிப் பதவியில் இருந்த ரிச்சர்ட் ஜான்சன் ராகமாலாக்களை வாங்கியும் வரையச் சொல்லியும் சேர்த்தவை 1807இல் கம்பெனி நூலகத்துக்கு விற்கப்பட்டு, இப்போது பிரிட்டிஷ் நூலகத்தில் உள்ளன. சுதந்திரத்துக்குப் பின் சுதேச அரசுகள் இந்தியாவோடு இணைந்ததும் அரண்மனைப் பெட்டிகள் திறந்தன. வியாபாரிகள் படம் படமாக விற்றார்கள். சாவண்டுத் தொகுதி சேகரிப்பாளர் கோபி கிருஷ்ண கனோரியாவின் கையில் அகப்பட்டு 1950களில் அச்சுக்கு வந்தது ஓர் அதிர்ஷ்டம். தொல்பொருள், கலைச்செல்வச் சட்டம் 1972இல் வந்தபோது பல தொகுதிகள் ஏற்கெனவே மூன்று கண்டங்களில் பரவியிருந்தன.

மேல் விளிம்பின் மஞ்சள் பட்டையில் செய்யுளும் ராகத்தின் பெயரும் வரிசை எண்ணும் இருந்தால் பிரிந்த ஏடுகளை மறுபடி ஒரு தொகுதியாகக் கணக்கிட முடியும். ஆனால் சட்டத்துக்குள் அழகாக உட்காரட்டும் என்று விளிம்பை வெட்டிய படங்கள் நிறைய. அப்போது காட்சி ஒன்றுதான் சாட்சி. வீணையோடு தனியே நிற்கும் பெண்ணைச் சுற்றி மான் இருந்தால் தோடி. இலைப்படுக்கையும் மயிலும் இருந்தால் கூர்ஜரி. இரண்டும் இல்லையென்றால், எந்த ஊர் ஓவியன் என்று முதலில் முடிவு செய்துகொண்டு, அவ்வூரின் மற்ற படங்களில் தேடத் தொடங்க வேண்டும்.